கஸ்தூரியின் கால் அளவு

நண்டு பிடிக்கிறவளுக்கு வாய் எதற்கு என்று பழவேற்காட்டு ஏரியில் கேட்டால், பறியைக் கடித்துக்கொள்ள என்றுதான் சொல்வார்கள். இரண்டு கைகளும் சேற்றுக்குள் துழாவிக்கொண்டிருக்கும். பிடிபட்ட இறாலையும் நண்டையும் போட ஓலைப்பறி வேண்டும். அதன் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு தண்ணீரில் தவழ்ந்து போகவேண்டும். விடியலிலிருந்து ஒன்பது மணிவரை இதுதான் வேலை. அந்த நேரத்தில் மனசுக்குள் எத்தனை வார்த்தை ஊறினாலும் ஒன்றுகூட வெளியே வர முடியாது. வந்தால் பறி போய்விடும், பறியோடு நண்டும் போய்விடும்.

கஸ்தூரி முப்பது வருஷமாகப் பறி கடிக்கிறவள். அதனால் அவளுடைய வார்த்தையெல்லாம் மீன் மார்க்கெட்டில்தான் செலவாகும். அங்கே பெண்கள் வரிசையில் அவளுக்கு ஓர் இடம் இருந்தது. இடது பக்கம் பொன்னியம்மாள், வலது பக்கம் சாந்தி. நண்டைப் புரட்டிப் பார்த்து, “இன்னாமா, சதையே இல்லியே” என்று சொன்ன எந்த வியாபாரியும், தன் பரம்பரையைப் பற்றிப் புதிதாக ஏதாவது தெரிந்துகொள்ளாமல் அவளிடமிருந்து திரும்பியது கிடையாது. ஆனாலும் மறுநாள் வருவார்கள். நண்டு நன்றாக இருக்கும்.

போன கார்த்திகையில் ஒரு திருக்கை மீன் அவள் வலது முழங்காலுக்குப் பின்னால் முள்ளை ஏற்றிவிட்டது. திருக்கைமேல் தப்புச் சொல்ல முடியாது. அது படுத்திருந்த இடத்தில்தான் இவள் காலை வைத்தாள். புண் சீழ் பிடித்து, ஆஸ்பத்திரிக்குப் போய், ஆறி வந்தபோது முழங்கால் மடங்க மறுத்தது. கொஞ்சம் மடங்கும், பிறகு நின்றுவிடும். தண்ணீரில் அதனால் ஒரு குறையும் இல்லை. ஏரிக்குள் யாரும் காலை நம்பிப் பிழைக்கவில்லை. இரண்டாம் மாதமே, அதுவரை புருஷன் கடித்துக்கொண்டிருந்த பறியை வாங்கிக்கொண்டு அவள் இறங்கிவிட்டாள். தரையில்தான் தகராறு. குப்பத்திலிருந்து மார்க்கெட்டுக்கு நாலு கிலோமீட்டர், அதில் பாதி மணல். நடக்க முடியாது. அவளுடைய பழைய லேடீஸ் சைக்கிளில் ஏறிப் பார்த்தாள், பெடல் அரைச் சுற்று வந்து முழங்காலில் முட்டிக்கொண்டது. ஷேர் ஆட்டோ குப்பத்துக்குள் வராது. வந்தாலும் சொட்டச் சொட்ட நண்டுக் கூடையை எவன் ஏற்றுவான்?

ஆக எட்டு மாதமாக நண்டைச் சுமந்துகொண்டு மார்க்கெட்டுக்குப் போகிறவன் அவள் புருஷன் கோபால்.

கோபால் நல்ல மனுஷன். நண்டு விற்கப் போகிற ஒருவனைப் பற்றி இதைவிட மோசமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சாயங்காலம் திரும்பி வருவான். இன்ன விலைக்குப் போச்சு என்பான். கஸ்தூரி முதலில் குழம்பை அடுப்பிலிருந்து இறக்கி வைப்பாள்.

“ஏன்யா இவ்ளோ கம்மி?”

“அவரு பாவம், மீஞ்சூர்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி வந்தாரு.”

“நண்டு மட்டும் இன்னா, ஏரோப்ளேன்லயா வந்துச்சு?”

அதற்குப் பிறகு இரவுச் சாப்பாடு வரைக்கும் நிற்காது. ஒரு மார்க்கெட்டே வாங்கிக்கொண்டிருந்த வார்த்தைகளை எட்டு மாதமாகக் கோபால் ஒற்றை ஆளாக வாங்கினான். சிரித்துக்கொண்டே வாங்கினான். அது இவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

விலைகூட இரண்டாம்பட்சம்தான். அவளை அரித்தது அந்த இடம். மார்க்கெட் வரிசையில் ஒருநாள் கூடை வைக்காவிட்டால், பக்கத்துக் கூடை கொஞ்சம் நகரும். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, மீன் கூடை அப்படித்தான். பத்து நாள் வைக்காவிட்டால் அங்கே ஓர் இடம் இருந்ததற்கான அடையாளமே இருக்காது. எட்டு மாதம் என்றால் கேட்கவே வேண்டாம். பொன்னியம்மாளுக்கு அகலமான உடம்பு வேறு. கோபால் இடத்தைக் காப்பாற்றுவான் என்று நினைக்கவும் வழியில்லை. ஆண்கள் அந்த வரிசையில் உட்காருவது கிடையாது. ஏலக்காரரிடம் கூடையை இறக்கிவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருவார்கள். இவனும் அதைத்தான் செய்கிறான் என்று அவளுக்குத் தெரியும். கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆனி மாதக் கடைசியில் ஒருநாள் கோபால் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

“மார்க்கெட்ல புது ஷெட்டு போட்டாங்கல்ல, வர்ற வெள்ளிக்கெழம கோடு போட்டு நம்பர் எழுதறாங்களாம்.”

“யாருக்கு நம்பரு?”

“அன்னிக்கு வந்து ஒக்காந்திருக்கற பொம்பளைங்களுக்கு. அவங்களே கையெழுத்து போடணுமாம். ஆம்பள போட்டா செல்லாதாம்.”

கஸ்தூரி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். பெயிண்டில் கோடு போட்டுவிட்டால் அவ்வளவுதான். கூடையை நகர்த்தலாம், கோட்டை நகர்த்த முடியாது.

“பக்கத்து வூட்டு வேணு பைக்ல பின்னாடி ஒக்காந்துக்கினு போயிட்டு வந்துடேன்” என்றான் கோபால்.

“போயி? ஒரு நாள் விருந்தாளியாட்டம் ஒக்காந்து நம்பர் வாங்கிட்டு, மறாநாள் மறுபடி வூட்ல குந்தறதா? கூடை வெக்காத எடத்துக்கு நம்பர் எதுக்கு, சமாதிக்கா? தெனம் நானே போவணும். என் காலால போவணும்.”

அடுத்த நாளே கோபாலைத் தானியேலிடம் அனுப்பினாள்.

தானியேல், மார்க்கெட் இருக்கிற ஊருக்குள், டச்சுக் கல்லறைக்குப் பக்கத்தில் வெல்டிங் ஷெட் வைத்திருந்தான். நங்கூரமும் படகு எஞ்சினுக்கு ஸ்டாண்டும் செய்கிறவன். அவன் ஷெட்டில் ஒரு பழைய சைக்கிள் ஃப்ரேம் வெகுகாலமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நீளமான, கனமான கறுப்பு ஃப்ரேம்; ஒரு கையால் தூக்க முடியாது. முன்பக்கத்துப் பித்தளைத் தகட்டில் இருந்த எழுத்து தேய்ந்துபோயிருந்தது. டச்சுக்காரன் விட்டுவிட்டுப் போனது என்று தானியேல் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான். ஒருமுறை கேட் செய்யச் சொல்ல வந்த திருப்பாலைவனத்து வாத்தியார் உலகநாதன், டச்சுக்காரர்கள் ஊரைவிட்டுப் போய் இருநூறு வருஷம் ஆகிறது, அப்போது சைக்கிளே கண்டுபிடிக்கப்படவில்லை என்று விளக்கினார். தானியேல் பொறுமையாகக் கேட்டான்.

“அதாங்க சார் வுட்டுட்டுப் போய்ட்டான். எப்டி ஓட்றதுன்னு அவனுக்குத் தெரியல.”

வாத்தியார் கேட்டை வேறு இடத்தில் செய்துகொண்டார்.

கோபால் விஷயத்தைச் சொன்னதும், தானியேல் அந்த ஃப்ரேமை இறக்கினான். யோசனை எளிமையானது. சீட்டை உயர்த்திவிட்டால் கால் மடங்க வேண்டியதில்லை, நீட்டினபடியே மிதிக்கலாம். வலது பெடலின் கையை வெட்டிக் குட்டையாக்கிவிட்டால் அந்தக் கால் சின்ன வட்டம் போட்டால் போதும். மற்றதை இடது கால் பார்த்துக்கொள்ளும். மணலில் புதையாமல் இருக்க, மூன்று சக்கர மீன்பாடி வண்டியின் தடித்த டயர்.

“அளவு வேணும்” என்றான் தானியேல். “இடுப்புலேர்ந்து பாதம் வரிக்கும். தங்கச்சி கால நான் தொட்டு அளக்க மாட்டேன். நீயே அளந்துக்கினு வா.”

கோபாலுக்கு அவளைத் திட்டு வாங்காமல் பார்க்கக் கிடைப்பது காலை ஒன்பது மணிக்கு, ஏரியில்தான். நண்டை வாங்கிக்கொண்டு அங்கிருந்தே அவன் மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவான். திங்கட்கிழமை காலை ஒரு நைலான் கயிற்றோடு தண்ணீரில் இறங்கினான். அவள் தொடையளவு தண்ணீரில் பறியைக் கடித்தபடி நின்றாள். இவன் கயிற்றின் ஒரு முனையை அவள் இடுப்பில் பிடித்து, மறு முனையைத் தரை தட்டும்வரை இறக்கி, அங்கே ஒரு முடிச்சுப் போட்டான்.

தரை தட்டியது, வாஸ்தவம். ஆனால் அது சேற்றுத் தரை. கஸ்தூரியின் பாதம் அதற்கும் ஒரு சாண் கீழே இருந்தது. இதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. பிறந்ததிலிருந்து ஏரியில் நிற்கிறவர்களுக்குக் கால் என்பது சேற்றோடு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பது ஏரியின் சமாச்சாரம். வாய் சும்மா இருந்திருந்தால் கஸ்தூரிக்குத் தோன்றியிருக்குமோ என்னவோ. பறி இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் தானியேல் சைக்கிளை மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு குப்பத்துக்கு வந்தான். கஸ்தூரி ஏறி உட்கார்ந்தாள். இடது முழங்கால் கிட்டத்தட்டத் தாடையைத் தொட்டது. வலது முழங்கால் அந்த அளவுக்கு மடங்காததால், பெடலை விட்டுவிட்டு வெளியே நீட்டிக்கொண்டது. சைக்கிள் இரண்டு சுற்று உருண்டு, உப்பு மண்ணில் படர்கிற உமிரிச் செடிக்குள் போய்ச் சாய்ந்தது.

தானியேல் கயிற்றை எடுத்து அளந்து பார்த்தான். முடிச்சுக்கும் சீட்டுக்கும் ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

“நான் அளவுப்படிதான் செஞ்சேன்.”

“சீட்டைக் கொஞ்சம் தூக்கி வுடுண்ணா” என்றான் கோபால்.

“தூக்க முடியாது. உள்ள வெச்சு வெல்டு அடிச்சிட்டேன். மிச்சப் பைப்பைக் கேட்டுக்குப் போட்டுட்டேன்.”

அவனைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. நங்கூரம் செய்கிறவன் எதையும் பிறகு ஏற்றி இறக்கலாம் என்று நினைத்துச் செய்வதில்லை. மேலே ஒட்டுப் போடலாமா என்று கேட்டதற்கு, ஒட்டு உடைந்து ஆளைக் குத்தும் என்று தலையாட்டிவிட்டான். புதன் முடிந்துவிட்டது. நடுவில் இருப்பது ஒரே ஒரு வியாழன்.

கோபாலுக்கு எங்கே தப்பு நடந்தது என்று அப்போதுதான் உறைத்தது. “சேறு” என்றான் மெதுவாக. “நான் சேத்த கழிக்கல.”

கஸ்தூரி விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து அவனைத் திட்டினாள். அவன் நைனாவிடம் ஆரம்பித்து, அவன் விற்ற அத்தனை நண்டையும் தொட்டு, “எட்டு மாசமா என் எடத்த தின்னவன்தானே நீ, காலயும் தின்னுட்டியா” என்று முடித்தாள். சொல்லும்போதே அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை போய்விட்டால் இந்த வாயை வைத்துக்கொண்டு இனி அவள் செய்வதற்கு ஒன்றுமில்லை. கோபால் பக்கத்தில் குந்தினான். அவள் முந்தானையில் ஒட்டியிருந்த உமிரியை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான்.

வலது காலை முன்னால் நீட்டி, இடது காலை லேசாக மடித்து, கைகளைப் பின்னால் ஊன்றி அவள் மணலில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் போனதிலிருந்து அப்படித்தான் உட்காருகிறாள். பக்கத்தில் சைக்கிள் கிடந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அதைப் பார்த்தாள்.

“தானியேலண்ணா. என் காலு இங்க இருக்கு. பெடல் ஏன் அங்க இருக்கு?”

தானியேல் ஒரு பீடி முடியும்வரை யோசித்தான்.

“நியாயம்தான்” என்றான்.

வியாழக்கிழமை முழுக்க அவன் நங்கூரம் எதையும் தொடவில்லை. பெடல் அச்சை ஃப்ரேமிலிருந்து அறுத்தெடுத்து, இரண்டு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு பைப்பை முன்னால் நீட்டி, அதன் நுனியில் வைத்து அடித்தான். முன்சக்கரம் இடிக்குமென்று ஃபோர்க்கையும் சாய்த்து நீட்ட வேண்டிவந்தது. ஒரு செயின் எட்டவில்லை, இரண்டை இணைத்தான். பின்னால் சாய்ந்து உட்காருவதால் ஹாண்டில்பாருக்குக் கை எட்டாது. ஒரு தண்ணீர்ப் பைப்பில் மணலைக் கெட்டித்து, இரண்டு முனையையும் அடைத்து, நெருப்பில் காட்டி மாட்டுக்கொம்பு அகலத்துக்குப் பின்பக்கமாக வளைத்தான். ஏரி மணல் ஆகாது, ஈரம் இருந்தால் சூட்டில் பைப் வெடிக்கும் என்று தானியேல் சொன்னதால், திருப்பாலைவனத்துப் பக்கம் வீடு கட்டுகிற இடத்தில் கோபால் ஒரு கோணி மணலுக்குக் கெஞ்சி வாங்கிவந்தான். சீட்டுக்குப் பின்னால் சாய்ந்துகொள்ள ஒரு வளையம் வைத்தான் தானியேல். அது யாரும் கேட்காதது.

இருட்டுவதற்கு முன் அதைக் குப்பத்துக்குக் கொண்டுவந்தான். நாலு கிலோமீட்டரும் தள்ளிக்கொண்டு வந்தான். இப்போது மீன்பாடி வண்டியில் அது அடங்கவில்லை. ஓட்டிக்கொண்டு வரவும் அவனால் முடியவில்லை, மூன்று இடத்தில் விழுந்திருந்தான். கஸ்தூரி உட்கார்ந்தாள், சாய்ந்தாள், காலை நீட்டினாள். இடது கால் மிதித்தது, வலது கால் சின்னதாகச் சுற்றி வந்தது. குப்பத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து நின்றாள்.

“இன்னா சொல்ற?” என்றான் தானியேல்.

“கீழ வுழல” என்றாள். அவளிடமிருந்து அதற்குமேல் யாரும் பாராட்டு வாங்கியதில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு கோபால் நண்டுக் கூடையோடு முன்னாலேயே கிளம்பிவிட்டான். மொத நாள், வெறும் வண்டியா ஓட்டிக்கினு வா, கூடைய நான் எடுத்துக்கினு போறேன் என்றான். ஏலக்காரரிடம் கொட்டத்தான் இந்த அவசரம் என்று நினைத்துக்கொண்டாள் கஸ்தூரி. நினைத்ததோடு நிறுத்தவில்லை, சொல்லியும் அனுப்பினாள்.

தடித்த டயர் மணலை அமுக்கிக்கொண்டு போயிற்று. தார் ரோட்டில் ஏறியதும் வண்டி தானாகவே போகிற மாதிரி இருந்தது. ஆடு மேய்த்தவர்கள் நின்று பார்த்தார்கள். திருப்பாலைவனத்துப் பஸ் டிரைவர், பெரியாஸ்பத்திரிக்குப் போகிற கேஸ் என்று நினைத்தோ என்னவோ, ஓரம் கட்டி வழிவிட்டார். கஸ்தூரி யாரையும் பார்க்கவில்லை. அவள் வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டிருந்தாள். பொன்னியம்மாளுக்கு இன்னது, சாந்திக்கு இன்னது, பெயிண்டுக்காரன் குறுக்கே பேசினால் அவனுக்கு இன்னது என்று பிரித்து வைத்தாள். எட்டு மாதத்துச் சரக்கு. நாலு கிலோமீட்டர் போதவில்லை.

ஷெட் வாசலில் இறங்கி, காலை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். பெயிண்டுக்காரர் பதினாறாம் நம்பர் எழுதிக்கொண்டிருந்தார். பதினாறு பொன்னியம்மாள். அவளுக்கு அடுத்து சாந்தி என்று எதிர்பார்த்துத்தான் கஸ்தூரி வாயைத் திறந்தாள்.

பொன்னியம்மாளுக்கும் சாந்திக்கும் நடுவில் கோபால் உட்கார்ந்திருந்தான். தலையில் துண்டு, முன்னால் நண்டுக் கூடை. இரண்டு முழங்கால்களையும் மார்போடு ஒடுக்கிக்கொண்டு, ஆனால் அசையாமல் உட்கார்ந்திருந்தான். புதிதாக வந்து உட்கார்ந்தவன் மாதிரி இல்லை. ஷெட் புதிதானாலும் சுவர் பழையது; அவன் முதுகு படுகிற இடத்தில் அழுக்குப் படிந்திருந்தது.

“வந்துட்டியா!” என்றாள் பொன்னியம்மாள். “எம்மா, உன் புருசன் எட்டு மாசமா எங்க உசுர வாங்கிட்டாரு. வாயத் தொறந்து கூவவும் மாட்டாரு, நவுரவும் மாட்டாரு.”

“நாங்க கேக்காத கேள்வி இல்லக்கா” என்றாள் சாந்தி. “பொம்பளைங்க வரிசைல ஒனக்கு இன்னா வேலன்னோம். பொடவ வாங்கித் தரட்டான்னுகூடக் கேட்டோம். சிரிச்சிக்கினே ஒக்காந்திருப்பாரு. எல்லாரும் வித்துட்டு எழுந்தப்பறம் யாராவது வந்து பாதி வெலைக்கு அள்ளிக்கினு போவாங்க.”

கஸ்தூரி அவனைப் பார்த்தாள். அவன் தன் கால்விரலைப் பார்த்தான்.

“ஏன்யா எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா, ஆம்பளைக்கு அங்க இன்னா வேலைன்னு நிறுத்திடுவே. நிறுத்தினா எடம் பூடும்.”

தயார் செய்து கொண்டுவந்த வார்த்தைகளில் ஒன்றாவது இந்த இடத்துக்குப் பொருந்துமா என்று அவள் தேடினாள். ஒன்றும் பொருந்தவில்லை. எட்டு மாதமாக இவனுக்குக் கொடுத்த வார்த்தைகள்தான் வரிசையாக ஞாபகம் வந்தன. நேற்று முன்தினம் சொன்னதும் வந்தது, காலையில் சொல்லி அனுப்பியதும் வந்தது.  அத்தனை பேர் நடுவில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“பேரு சொல்லுமா” என்றார் பெயிண்டுக்காரர்.

சொன்னாள். கையெழுத்துப் போட்டாள். தரையில் பதினேழு என்று எழுதிவிட்டு அவர் நகர்ந்தார். கோபால் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இடத்தைக் கொடுத்தான். கஸ்தூரி காலை நீட்டி உட்கார்ந்தாள். உட்கார்ந்த சூட்டோடு ஒரு வியாபாரி வந்து கூடையைக் குனிந்து பார்த்தார்.

“நேத்து அந்தாளு குடுத்த வெலைதானே?”

“அந்தாளுன்னா யாரு?” கஸ்தூரியின் குரல் கொஞ்சம் நடுங்கித்தான் கிளம்பியது, போகப்போகச் சரியாகிவிட்டது. “என் வூட்டுக்காரரு. அவரு குடுத்த வெலைக்கு எட்டு மாசம் வாங்கித் தின்னியே, ஒடம்புல ஒட்டிச்சா? வூட்ல சோறு போடறாங்களா இல்லியா? எட்றா கைய நண்டு மேலேர்ந்து!”

ஷெட்டில் கடைசிவரை கேட்டது. அந்தப் பக்கம் யாரோ, “கஸ்தூரி வந்துட்டாடீ” என்றார்கள். வியாபாரி அவள் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு, தன் தாத்தாவைப் பற்றிய ஒரு தகவலோடு போனார்.

கோபால் இன்னும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். போவதா இருப்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

“அப்போ நாளையிலேர்ந்து நான் வர வாணாமா?” என்றான். எட்டு மாத வேலை போய்விட்டவன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

கஸ்தூரி நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் லுங்கி நுனியைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

“தெனம் வந்து ஒக்காரு. பேசாத. பேச்ச நான் பாத்துக்கறேன்.”

கோபால் உட்கார்ந்தான். கோட்டுக்குள் ஓர் ஆளுக்குத்தான் இடம் இருந்தது. தோளோடு தோள் இடித்துக்கொண்டு, வெயில் தாழும்வரை இரண்டு பேரும் நண்டு விற்றார்கள்.